திருகுப்புழு

மெக்சிகோ, டெக்சாஸ் செய்திகளில் ‘ஸ்க்ரூவர்ம்’ என்று அடிபடும் சொல்லைத் தமிழில் திருகுப்புழு எனலாம். புழுவின் வெளிறிய உடம்பைச் சுற்றி வரிவரியாகச் சிறு முட்கள், திருகாணியின் மரை போல. மாடு போன்ற விலங்குகளின் புண்ணில் தலையை உள்ளே விட்டு, உயிருள்ள சதையைத் தின்றபடி துளைத்துக்கொண்டே போகும். பிடுங்கப் போனால் இன்னும் ஆழமாக இறங்கும்.

அறிவியல் பெயர் காக்ளியோமியா ஹோமினிவோராக்ஸ். முன்பாதி கிரேக்கம்: நத்தை ஓட்டுச் சுருளைக் குறிக்கும் சொல்லும், ‘மியா’ என்ற ஈயும் சேர்ந்தது. பின்பாதி லத்தீன்: மனிதரைத் தின்பது. பிரெஞ்சு கயானாவின் கைதிகளைத் தாக்கிய புழுவை 1858இல் பிரெஞ்சு மருத்துவர் கொக்கெரல் விவரித்தபோது வந்த பெயர் அது. ஸ்பானிய மொழியில் ‘குசானோ பர்ரெனதோர்’, அதாவது துளைக்கும் புழு.

துளைப்புழு என்று நாமும் சொல்லலாமே என்றால், தண்டுத் துளைப்பான், காய்த் துளைப்பான் என்று அந்த வேர் பயிர்ப் பூச்சிகளுக்குப் போய்விட்டது. ‘திருகு’ நம்மிடம் திருகாணியிலும் திருகுக்கள்ளியிலும் ஏற்கெனவே இருக்கிறது. பட்டுப்புழுவைப் போல இதுவும் இளம்பருவம்தான். வளர்ந்தால் நீலப்பச்சை மினுக்கும் ஈ. அதைத் திருகுப்புழு ஈ என்க.

புண்ணின் ஓரத்தில் ஈ ஒரே தடவையில் 200, 300 முட்டை வைக்கும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பெரிய காயம் வேண்டியதில்லை: உண்ணி கடித்த இடம், காயடித்த புண், காதணி வில்லை குத்திய துளை, ஈன்ற கன்றின் ஈரத் தொப்புள் போதும். கவனிக்காமல் விட்டால் முழு மாடே ஒன்றிரண்டு வாரத்தில் செத்துவிடும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் மேய்கிற மாடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தொப்புள் பார்ப்பது எத்தனை பேருக்கு முடியும்? பண்ணைக்காரரின் பெரிய பாடு அதுதான்.

பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறையே இணையும். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களை ஏராளமாகப் பறக்கவிட்டால் முட்டை பொரியாது என்று கணித்தவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் நிப்ளிங். அவருடைய சகா புஷ்லாண்டும் அவரும் சேர்ந்து உருவாக்கிய இந்த முறையால் 1954இல் கரீபியக் கடலின் குராசோ தீவு விடுபட்டது. பிறகு அமெரிக்காவும், 1991இல் மெக்சிகோவும். பனாமாவில் மலட்டு ஈ வளர்த்து, கொலம்பியா எல்லையோரத் தாரியன் காட்டில் தடுப்பரண் போட்டார்கள். 2023இல் அது உடைந்தது. ஈ வடக்கே பரவி, 2024 நவம்பரில் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துக்கும், 2025 செப்டம்பரில் அமெரிக்க எல்லைக்குச் சுமார் 110 கி.மீ. அருகில் நுவோ லியோனுக்கும் வந்தது. அமெரிக்கா மெக்சிகோ மாடுகளை உள்ளே விட மறுத்ததால், ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கன்று அனுப்பிய வடமெக்சிகோ பண்ணைகள் திணறின.

இந்தியாவில் இருப்பது இதைப் போன்ற வேறு இனம், கிரைசோமியா பெஸ்ஸியானா. அதையும் சேர்த்து எழுதும்போது அமெரிக்கத் திருகுப்புழு, ஆசியத் திருகுப்புழு என்று பிரித்துக் குறிப்பது நல்லது. நம் ஊரில் ‘புண்ணில் புழு வச்சிருக்கு’ என்பது எல்லா ஈப்புழுவுக்கும் பொது. அழுகிய சதையை மட்டும் தின்னும் புழுவும் அதில் அடங்கும்.