கல்வெட்டு வைக்கும் முன் கரண்ட் பில்லைப் பேசுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊராட்சிக்குப் போயிருந்தேன். ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டிக்கொடுத்த குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். வாசலில் பளபளவென்று கல்வெட்டு, கதவில் துருப்பிடித்த பூட்டு. பெண்கள் காலிக் குடத்தோடு அதைத் தாண்டி தண்ணீர் லாரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

விசாரித்தேன். தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேன் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதை மாற்றும் செலவு யாருடையது என்று எந்தத் தாளிலும் இல்லை. மின் இணைப்பு ஊராட்சி பெயரில், ஆனால் பில் கட்ட தீர்மானம் போடவில்லை. “ஒப்படைத்துவிட்டோமே” என்றது நிறுவனம். “எங்களிடம் என்ன எழுதிக் கொடுத்தார்கள்?” என்றது ஊராட்சி. இரண்டு பக்கமும் நல்ல மனதுதான். நடுவில் தவித்தது ஊர்.

ஊராட்சிகளையும் நிறுவனங்களையும் இணைத்து வைப்பதுதான் என் வேலை. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை அடிக்கடி பார்க்கிறேன். 2013 நிறுவனங்கள் சட்டப்படி, சட்டம் சொல்லும் அளவுக்குப் பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் கணக்குக் காட்டும் அவசரம் அவர்களுக்கு. அந்த அவசரத்தில் ஊராட்சித் தலைவரின் வாய்வார்த்தையே போதும் என்று வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஏரி தூர்வாருவதிலும் இதே கதைதான். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். தலைவர் சரி என்றதும் ஜேசிபியை இறக்கி, அப்புறம் ஏரி ஊராட்சியிடம் இல்லை என்று தெரிந்து பாதியில் நிறுத்திய இடங்கள் உண்டு. ஏரி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதலில் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். வண்டல் மண்ணை வெளியே கொண்டுபோக தனி அனுமதி வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. தலைவர் மாறலாம், தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் வரலாம், தீர்மானப் புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கும். அதனால் எந்தக் கூட்டு வேலையையும் கிராம சபையில் வைத்துப் பேசி, பராமரிப்புப் பொறுப்பைப் பெயரோடு எழுதச் சொல்கிறேன்.

அந்த நிலையம் இப்போது ஓடுகிறது. சாவி மகளிர் குழுவிடம். குடத்துக்கு 5 ரூபாய் வாங்கி நோட்டில் எழுதி, கிராம சபையில் கணக்கை வாசிக்கிறார்கள். அடுத்த மெம்பிரேனுக்கான பணம் தனிக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது.