புரட்டாசியில் வரும் பச்சைக் குருவிகள்: கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

புரட்டாசி பாதி கடந்ததும் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் சில்வர் ஓக் மரங்களில் 'டிஸ்-வீ' என்ற கூரிய ஓசை கேட்கத் தொடங்கும். 10 கிராம் எடைகூட எட்டாத இலைக் கதிர்க்குருவி ஒன்று இமயத்திலிருந்தோ அதற்கும் வடக்கிலிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். இத்தனை ஆண்டுகள் பறவைக் கணக்கெடுப்பில் இருந்தும் அந்த முதல் ஓசைக்கு நான் நின்றுவிடுகிறேன்.

சிக்கலும் அப்போதே தொடங்குகிறது. மேலே மங்கிய பச்சை, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக் கோடு. இந்த விவரம் நம் காடுகளுக்கு வலசை வரும் இலைக் கதிர்க்குருவிகள் பலவற்றுக்கும் பொருந்தும். பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, அவற்றில் ஒன்றான "கிரீனிஷ் வார்ப்ளர்" என்று பதிவேற்றிவிடுகிறார்கள். "எப்படிக் கத்தியது?" என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. தொடக்க காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். பின்னர் அந்தக் குறிப்பேடுகளைத் திருப்பிப் பார்த்தபோது பல பெயர்களை அடிக்க வேண்டியிருந்தது.

நிறத்தை முதலில் பார்க்காதீர்கள். இலை நிழலில் வெள்ளைகூட மஞ்சளாகத் தெரியும். இறக்கையின் குறுக்கே ஓடும் மெல்லிய பட்டையும் இறகு தேயத் தேய மறைந்துவிடும்; அது இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அலகைப் பாருங்கள். கிரீனிஷ் வார்ப்ளரின் கீழ் அலகு பெரும்பாலும் வெளிறிய ஆரஞ்சு நிறம். புருவக் கோடு அலகின் அடிவரை வரும். இன்னோர் இலைக் கதிர்க்குருவியான லார்ஜ்-பில்ட் லீஃப் வார்ப்ளர் சற்றே பருத்தது. அதன் அலகு கனத்து, நுனி கருத்திருக்கும். புருவக் கோட்டுக்குக் கீழே கண்வழி ஓடும் கருங்கோடு அழுத்தமாகத் தெரியும். ஈரமும் நிழலும் உள்ள காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் இதைத் தேடலாம்.

இவற்றையும்விடக் காது உறுதியானது. கிரீனிஷ் ஈரசையில் வெடுக்கெனக் கத்தும். லார்ஜ்-பில்ட் 'டிர்-டீ' என்று சீழ்க்கைபோல இழுக்கும். இரண்டாம் சுரம் மேலேறும். காகசஸ் மலைப் பக்கமிருந்து வரும் கிரீன் வார்ப்ளருக்கு முகத்திலும் தொண்டையிலும் மஞ்சள் கூடுதல், அழைப்பில் ஓரசையும் கூடுதல். புதருக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்கியதுபோல 'டக்' என்று கேட்டால் அது இலைக் கதிர்க்குருவியே அன்று. பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி.

அந்தப் பிளித்தின் பெயருக்குள் ஓர் இனமே ஒளிந்திருந்தது. 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரே ஒரு மாதிரியால் அறியப்பட்ட பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி, 2006இல் தாய்லாந்தில் வலையில் சிக்கும்வரை மீண்டும் அடையாளம் காணப்படவில்லை. பிறகு அருங்காட்சியக இழுப்பறைகளைத் துழாவியபோது, பிளித் என்று சீட்டுக் கட்டப்பட்ட பழைய மாதிரிகளுக்கிடையிலும் அது கிடந்தது. கையில் பிடித்து அளக்கக்கூடிய உடலிலேயே இந்தப் பிழை நேர்ந்திருக்கிறது என்றால், மர உச்சியில் இரண்டு நொடி தெரிந்த குருவிக்குப் பெயர் சூட்ட நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

ஐயம் இருந்தால் 'இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் அப்படிப் பதிய இடம் உண்டு. ஆய்வாளருக்கு அது பயன்படும் தகவல்தான். தவறான பெயரோ, எந்த இனம் எப்போது எங்கே வந்தது என்ற படத்தையே கோணலாக்கும்; பின்னால் அதைக் கண்டுபிடித்துத் திருத்துவது பெரும்பாடு.

இன்னொன்றை வற்புறுத்திக் கேட்கிறேன். பெயரை உறுதி செய்வதற்காகக் கைப்பேசியில் பறவையின் குரல் பதிவை ஒலிக்கவிடாதீர்கள். கிரீனிஷ் வார்ப்ளர் குளிர்காலத்திலும் தனக்கென ஓர் எல்லை வைத்துக் காக்கும் பறவை. உங்கள் கருவியின் ஓசையை எதிராளி என்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு விரட்ட வரும். நெடுந்தொலைவு பறந்து களைத்து வந்த உடல் அது. பத்து நிமிடம் அசையாமல் நின்றால் அதுவாகவே கத்தும்.