கோதிக்: பேயா, மருளா?

கோதிக், கோத்திக், காத்திக். Gothic என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே நமக்குள் ஒற்றுமை இல்லை. பொருளைக் கேட்டால் 'பேய்க்கதை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

முதலில் இது ஓர் இனத்தின் பெயர். கி.பி. 410இல் ரோம் நகரைச் சூறையாடியவர்கள் கோத்துகள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்களுக்குக் கூர்முனை வளைவுகள் கொண்ட இடைக்காலத் தேவாலயங்கள் பிடிக்கவில்லை. 'கோத்துகளின் வேலை' என்று ஏளனம் செய்தார்கள். கட்டியவர்களுக்கும் கோத்துகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வசவு பெயராக ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அப்புறம் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், 1764இல் வெளியிட்ட தன் நாவலின் இரண்டாம் பதிப்பில் 'ஒரு கோதிக் கதை' என்று துணைத்தலைப்பு சேர்த்தார். 'இடைக்காலத்துக் கதை' என்பதே அதன் பொருள். ஆனால் உள்ளே சுரங்கவழியும், வாரிசை நசுக்கிக் கொல்லும் ராட்சதத் தலைக்கவசமும் இருந்தன. அச்சம் அந்தப் பெயரோடு தங்கிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பேய்க்கதை' பேய் உண்டு என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. 'திகில்' சட்டென்று வந்து போவது. கோதிக் கதையில் பழைய வீடும் புதைத்து வைத்த குற்றமும் மெல்ல மெல்ல நெருக்குகின்றன; கண்டது மெய்யா, மனக்கோளாறா என்பது தெளிவதே இல்லை. என் தேர்வு 'மருள்புனைவு'. மருள் என்றால் மயக்கம். வியப்பும் அதில் உண்டு. மருண்ட விழி என்னும்போது அச்சம். மருள் வந்து ஆடுவது ஆவேசம். வேறெந்தச் சொல்லிலும் இவ்வளவும் அடங்கவில்லை.

இந்த மருளை எழுத்தில் கொண்டுவர நம் இலக்கணமே கைகொடுக்கும். ஐயத்துக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு 'குற்றியோ மகனோ'. மங்கலில் தெரிவது மரக்கட்டையா, ஆளா? உயர்திணையா அஃறிணையா என்று துணிய முடியாதபோது 'உரு' என்று பொதுவாகச் சொல்லலாம் என்கிறது தொல்காப்பியம். மருள்புனைவு எழுதுபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 'கட்டைதான்' என்று எழுதிய கணமே கதை செத்துவிடும். 'பிசாசுதான்' என்றாலும் அதே கதி.

வினையிலும் இதே வசதி உண்டு. 'கதவைத் திறந்தாள்' என்றால் திறந்த ஆள் தெரிந்துவிடுகிறது. 'கதவு திறக்கப்பட்டது' காவல்துறை அறிக்கை மாதிரி இருக்கிறது. 'கதவு திறந்தது' போதும். 'பயங்கரமான', 'மர்மமான' போன்ற அடைமொழிகளைத் தயங்காமல் வெட்டலாம். அவை வாசகருக்குப் பதிலாகத் தாங்களே பயந்துவிடுகின்றன.

இன்னொன்று, அளவோடு செய்ய வேண்டியது: திணை மாற்றம். பேச்சில் செல்லமாகவும் 'அது' என்போம் என்பதால், முன்கூட்டியே தளம் அமைக்க வேண்டும். கதை முழுக்க அக்கா வந்தாள், சிரித்தாள், விளக்கை அணைத்தாள். கடைசிப் பத்தியில் மட்டும், கட்டிலருகே நின்றது.