டீசல் எஸ்டேட் கார் வாங்குமுன் உங்கள் வேலைப் பாதையை அளந்து பாருங்கள்

சென்ற மார்கழியில் ஒரு காலை கராஜைத் திறக்கப் போனபோது, எனக்கு முன்னரே ஒரு தம்பி வாசலில் நின்றார். பின்னால் அவருடைய டீசல் எஸ்டேட் (பின்பக்கம் நீண்டு, பெரிய பூட் உள்ள கார்), எஞ்சின் ஓடியபடியே. "அண்ணை, நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் வராதோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். முன்பலகையில் மூன்று விளக்குகள் எரிந்தன. எவ்வளவு மிதித்தாலும் கார் வேகம் எடுக்கவில்லை.

எஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கை இழுத்தேன். ஒயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. தொட்டால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணியாய் விரலில் வழிந்தது. மணந்தால் டீசல். யாரும் ஒயிலைக் கூட ஊற்றவில்லை. மூன்று மாதமாய் அந்தக் கார் தன் டீசலைத் தானே ஒயிலுக்குள் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கார் மோசமான கார் அல்ல. வாங்கும்போது நன்றாகவே இருந்திருக்கும். தம்பியின் வீடு லண்டனில் ஹரோவில், வேலை வெம்பிளியில். போக மூன்று மைல், வர மூன்று மைல், வழி முழுக்கச் சிக்னல். அந்தப் பாதைக்கு அந்த எஞ்சின் பொருந்தாது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, இவருக்கும் கேட்கத் தெரியவில்லை. இப்படி மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இப்படி ஆகிறது? டீசல் எரியும்போது கரி வரும். அந்தக் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டிதான் டி.பி.எஃப். 2009க்குப் பிறகு வந்த டீசல் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அது உண்டு. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கவேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் 600 பாகை செல்சியஸ் அளவு சூடு தேவை. மோட்டர்வேயில் நீண்டநேரம் ஓடும்போது கரியில் ஒரு பகுதி தானாகவே எரியும். அது போதாதபோது கார் கணினி மேலதிகமாக டீசலைத் தெளித்துச் சூட்டைக் கூட்டும். இந்த வேலை முடிய எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரும் ஒரு கால்மணி, இருபது நிமிடம் இடைவிடாத ஓட்டம் வேண்டும். மூன்று மைலில் வேலையிடம் வந்து சாவியைத் திருப்பினால் எரிப்பு பாதியில் நிற்கும். தெளித்த டீசலில் எரியாத பங்கு சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் சேரும். அடுத்த நாள் திரும்பவும் முயற்சி, திரும்பவும் பாதியில் நிற்பு. கரி ஒருபக்கம் அடைக்க, மறுபக்கம் ஒயில் நீர்த்துப் போகிறது. நீர்த்த ஒயில் டேர்போவையும் பெயரிங்குகளையும் தின்னும். அளவு மிஞ்சி ஏறினால் எஞ்சின் அந்த ஒயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்தும் இருக்கிறது.

இன்னொரு காரைச் சொல்கிறேன். மில்ரன் கீன்ஸில் இருந்து வற்பேர்ட் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரும் அக்கா ஒருவர். எம்1 வழியே ஒரு பக்கம் 35 மைல் அளவில். அவருடையதும் டீசல் எஸ்டேட்தான், 140,000 மைல் தாண்டிவிட்டது. கம்பனியில் இருந்து வந்த அதே டி.பி.எஃப்தான் இன்னும் இருக்கிறது. ஒயில், பில்டர், ரயர், பிரேக் தவிர நான் அதில் பெரிதாகக் கைவைத்ததில்லை.

ஆகவே, "அண்ணை, டீசல் எஸ்டேட் ஒண்டு பார்த்திருக்கிறன், எடுக்கட்டோ?" என்று கேட்பவரிடம் காரைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. வேலைக்கு எத்தனை மைல், எந்த றோட்டால், கிழமைக்கு எத்தனை நாள் என்றுதான் கேட்பேன். கிழமையில் இரண்டு, மூன்று தடவையாவது அரைமணி நேரம் தடையில்லாமல் ஓடும் பாதை இருந்தால் டீசலைப் பற்றி மேலே பேசலாம். இல்லையென்றால் வேண்டாம் என்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

காசுக்கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஆண்டுக்கு 10,000 மைல் ஓடுபவரை எடுங்கள். டீசல் கலனுக்கு 55 மைலும் அதே அளவு பெற்றோல் கார் 40 மைலும் கொடுத்தால், மிச்சம் 300 லீற்றருக்குச் சற்றுக் கூட. லீற்றர் 1.40 பவுண் என்று வைத்தால் 430 பவுண். வெம்பிளித் தம்பி ஓடுவதோ ஆண்டுக்கு 2,500 மைல்கூட வராது. நகரச் சில்லறை ஓட்டத்தில் டீசல் 40, பெற்றோல் 34 என்று பார்த்தால் மிச்சம் ஏறக்குறைய 50 லீற்றர், 70 பவுண். பம்பில் டீசல் பெற்றோலைவிட விலை கூடவாகவே இருப்பதால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். புது டி.பி.எஃப் ஒன்று போடப் போனால் கூலியுடன் ஆயிரம் பவுணைச் சுலபமாகத் தாண்டும்.

லண்டனுக்குள் ஓடுபவர்கள் யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் வலயம், அந்த விடயத்தில் ஏமாறக்கூடாது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (உள்ளூராட்சிப் பிரிவுகளும்) அதற்குள் வந்துவிட்டன. டீசல் கார் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இருக்கவேண்டும். 2015 செப்டெம்பருக்குப் பிறகு பதிவான கார்கள் பொதுவாக அந்தத் தரம்தான். அதற்கு முந்தியவற்றிலும் சில உண்டு. லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல்லின் இணையத்தளத்தில் இலக்கத்தகட்டைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும், விற்பவரின் வாயை நம்பத் தேவையில்லை. தரம் இல்லாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண். இரவுவேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள்: அந்த நாள் நள்ளிரவில் இருந்து நள்ளிரவு வரைதான். இரவு பத்துமணிக்கு பெற்றோல் ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போய், காலை ஆறுக்குத் திரும்பினால் இரண்டு நாள் கணக்கு. ஒரு இரவுக்கு 25 பவுண். "மலிவாக் கிடைச்சது" என்று யூரோ 5 எடுத்த ஒருவர், இரண்டு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை இதற்கே கட்டிவிட்டு வந்து அழுதார்.

வரியிலும் ஒரு கோடு இருக்கிறது. 2017 ஏப்ரல் 1க்கு முன் பதிவானவற்றுக்குக் காபனீரொட்சைட்டு அளவை வைத்து வரி. 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி சிறிய டீசல் எஸ்டேட்கள் பலவற்றுக்கு ஆண்டுக்கு 20 அல்லது 35 பவுண்தான். அதற்குப் பிறகு பதிவானதென்றால், அதே கட்டணப்படி 195. அதே கார், அதே எஞ்சின், ஒரு மாத வித்தியாசம். 2015 கடைசிக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் பதிவானவற்றை நான் தேடச் சொல்வது இதனால்தான்.

மைல் கூடிய காரைக் கண்டு எங்கட ஆட்கள் பயப்படுகிறார்கள். டீசலில் அந்தக் கணக்கு வேறு. 120,000 மைல் மோட்டர்வேயில் ஓடிய கம்பனிக்காரை, பத்து வருடமாகப் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போய்வந்த 40,000 மைல் காரைவிட நான் விரும்புவேன். எது எப்படி ஓடியது என்று அறிய எம்.ஓ.டி. (வருடாந்த வாகனச் சோதனை) வரலாறு போதும். அரசாங்கத் தளத்தில் இலவசம். ஒவ்வொரு வருட மைலையும் எழுதி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். வருடம் 20,000 என்று ஓடிவந்த கார் திடீரென 2,000க்கு இறங்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். முந்திய வருடத்தைவிட மீற்றர் காட்டும் மைலே குறைந்திருந்தால் கேள்வியே இல்லை, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். டீசலின் நோய்கள் பல குளிரில் ஸ்டார்ட் செய்யும் முதல் பத்து விநாடியில்தான் வெளியே வரும். ஸ்டார்ட் பண்ணுமுன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், மணந்தும் பாருங்கள். பிறகு ஒரு வெள்ளை டிஷ்யூவைச் சுருட்டிப் புகைக்குழாயின் உட்பக்கத்தைத் துடையுங்கள். டி.பி.எஃப் ஒழுங்காக இருக்கும் காரில் டிஷ்யூ ஏறக்குறைய வெள்ளையாகவே வரும், மெல்லிய சாம்பல்நிறம் இருக்கலாம். கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டியில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அல்லது உள்ளுக்கு இருந்ததைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

இந்தக் குடைந்தெடுத்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முந்நூறு பவுணுக்கு டி.பி.எஃப்பைக் கழற்றி, கணினியையும் மாற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், செய்த காரை வாங்கவும் வேண்டாம். 2014 பெப்ரவரி முதல், இருக்கவேண்டிய வடிகட்டி இல்லையென்றால் எம்.ஓ.டி. தோல்வி. அப்படியான காரை றோட்டில் ஓட்டுவதே குற்றம், ஆயிரம் பவுண் வரை தண்டம். காப்புறுதிக்காரர்களும் கைவிரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கரி போவது பிள்ளைகளை நாம் நடத்திக்கொண்டு போகும் அதே நடைபாதைக்குத்தான். என் கராஜில் அந்த வேலையை நான் செய்வதில்லை.

ஓட்டிப் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடம் போதாது. இரண்டாம் கியரில் இருந்து முழுதாக மிதித்தால் இழுவை தடையில்லாமல் வரவேண்டும். நின்றபடி கிளச்சை மிதித்து விடும்போது கடகடவென்று சத்தம் மாறினால் டுவல்மாஸ் ஃபிளைவீல் (கிளச்சோடு சேர்ந்த கனமான சுழல்சக்கரம்) பழுது, அதற்கும் பெரிய தொகை. ரைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். "மாத்தினது எண்டுதான் நினைக்கிறன்" என்றால் மாற்றவில்லை என்று விலையில் கழியுங்கள். அட்புளூ (புகையைச் சுத்தமாக்கத் தனித் தாங்கியில் ஊற்றும் திரவம்) ஊற்றும் காரென்றால் அந்த மூடியைத் திறந்து பாருங்கள், சுற்றிவர வெள்ளைப் பளிங்கு உறைந்திருந்தால் கசிவாக இருக்கலாம். அட்புளூ முற்றாக முடிந்தால் எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

எஸ்டேட் என்பதால் பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு கால்மணி ஒதுக்குங்கள். ஸ்கோடா ஒக்டேவியாவின் மூன்றாம் தலைமுறை எஸ்டேட்டில் பூட் 610 லீற்றர், வொக்ஸ்வாகன் பசாட்டின் எட்டாம் தலைமுறை எஸ்டேட்டில் 650. எங்கள் கடைக்காரர்கள் கேஷ் அன்ட் கேரி மொத்தக்கடைக்கு இதையே வான்போலப் பாவிப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அரிசிமூட்டை, எண்ணெய்ப் பெட்டி, வெங்காயம் என்று ஏற்றிய காரின் பின் ஸ்பிரிங் இறங்கியிருக்கும், சிலவேளை நுனி உடைந்திருக்கும். சமதரையில் பக்கவாட்டாகத் தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பூட் விரிப்பைத் தூக்கி உபரிச் சில்லுக் குழிக்குள் கையை விடுங்கள். ஈரம் இருக்கக்கூடாது. பின்கதவு வயர்கள் றப்பர்க் குழாய்க்குள் மடங்கி மடங்கி அறும். அதனால் பின் வைப்பர், பூட் பூட்டு, இலக்கத்தகட்டு விளக்கு மூன்றையும் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் வட்டமாய் ஒட்டுப் பிசின் அடையாளம் இருந்தால் மினிகாப் (வாடகைக் கார்) ஆக ஓடிய காராக இருக்கலாம். அது வேண்டாம் என்றில்லை, விலை அதற்கேற்றபடி இருக்கவேண்டும்.

கடதாசிகளில், வி5சி என்ற பதிவுப் பத்திரம் உரிமைப் பத்திரம் அல்ல என்பதை மனதில் வையுங்கள். பதிவு யார் பெயரில் என்பதை மட்டுமே அது சொல்லும். லோன் மிச்சம் இருக்கிறதா, விபத்தில் கழித்த காரா என்று அறியச் சில பவுண் கொடுத்து வரலாற்றுச் சோதனை செய்யுங்கள். வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் சட்டப்படி, வாங்கும்போதே குறை இருந்த காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ரசீதில் 'பார்த்தபடி விற்றது' என்று எழுதினாலும் அந்த உரிமை போகாது. தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய சொந்தக்காரர் கட்டிய வரி காரோடு வராது. நீங்கள் கட்டிய பிறகுதான் றோட்டில் ஏற்றலாம்.

பாதை குறுகியது, பூட் மட்டும் பெரிதாக வேண்டும் என்பவர்களுக்கு டொயோட்டா ஓரிஸ் ரூறிங் ஸ்போர்ட்ஸ் ஹைபிரிட்டைக் காட்டுவேன். 2013இல் இருந்து வந்தது, பெற்றோல், யூலெஸ் தொல்லையில்லை.

அந்தத் தம்பிக்கு ஒயிலையும் பில்டரையும் மாற்றி, கராஜ் கணினியைக் காரில் இணைத்து வடிகட்டியில் இருந்த கரியை எரித்துக் கொடுத்தேன். நல்லகாலம், கரி கல்லாய் இறுகியிருக்கவில்லை. உடனே விற்றால் பெரிய நட்டம் என்பதால் காரை வைத்திருக்கிறார். வேலைக்கு இப்போது 182ஆம் இலக்க பஸ்ஸில் போகிறார். ஞாயிறுகளில் லூட்டனில் இருக்கும் தாயைப் பார்க்க எம்1ஆல் போய்வருகிறார். போன மாதம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஒயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது.