கெர்னிங்: இந்தக் கொம்பு யாருடையது?

போன வருடம் காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு எண்ணெய் பாட்டில் லேபிள் செய்து கொடுத்தேன். பெரிய எழுத்தில் 'நல்லெண்ணெய்', கீழே சின்னதாக அளவும் விலையும், அவ்வளவுதான் வேலை. அச்சாகி வந்த முதல் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தவர், "ஏனுங் தம்பி, இந்தக் கொம்பு யாரோடதுங்க? முன்னால நிக்கறதோடதா, பின்னால வர்றதோடதா?" என்று கேட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். 'லெ'யின் ஒற்றைக்கொம்பு தன் 'ல'வை விட்டுத் தள்ளி, முன்னால் இருந்த 'ல்'லோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எழுத்துரு மென்பொருள் எதையும் அவர் தொட்டதில்லை. ஆனால் கெர்னிங் என்ற சொல் எதைப் பற்றியது என்பதை அந்த ஒரு கேள்வியில் கேட்டுவிட்டார்.

கெர்னிங் என்றால், குறிப்பிட்ட இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வரும்போது மட்டும் அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது. இந்த 'மட்டும்' முக்கியம். வரி முழுவதும் ஒரே அளவில் தளர்த்துவதும் நெருக்குவதும் டிராக்கிங், அது வேறு வேலை. திருப்பூரில் லேபிள், பேனர் வேலை செய்யும் நாங்கள் இரண்டையும் சேர்த்து 'ஸ்பேசிங்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சென்னிமலைத் தறிகளில் அச்சு என்ற சொல்லுக்கு வேறு பொருள் உண்டு: பாவு நூல்களைப் பிரித்து வரிசையாக நிறுத்தும் சீப்பு போன்ற பொருள் அது. அந்த அச்சு எல்லா நூலுக்கும் ஒரே இடைவெளி கொடுக்கும், கொடுக்கவும் வேண்டும், ஏனென்றால் நூலெல்லாம் ஒரே உருவம். எழுத்து அப்படியில்லையே. 'ட'வுக்கு வலது மேல்பக்கம் முழுக்க வெற்றிடம், 'ப'வுக்கு அங்கே நிமிர்ந்த கோடு. இரண்டுக்கும் பின்னால் ஒரே அளவு இடம் விட்டால் 'ட'வுக்குப் பின்னால் மட்டும் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஆங்கிலத்தின் 'கெர்ன்', பிரெஞ்சு மொழியின் 'கார்ன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. துருத்திக்கொண்டிருக்கும் மூலை, இறகுப் பேனாவின் முனை என்று அதற்குப் பொருள். அதற்கும் பின்னால் இருப்பது லத்தீனின் 'கார்தோ', கதவின் கீல். திருச்சபையின் கர்தினால் பதவிப் பெயரும் அதே வேரில் கிளைத்ததுதான். கணினிக்காரர்கள் சொல்லும் 'கெர்னல்' ஒலியில் மட்டுமே பக்கத்து வீடு, அது தானியத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் உறவு இல்லை.

ஆக, கெர்ன் முதலில் இடைவெளியின் பெயரே அல்ல. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்ன ஈயக் கட்டையின் தலையில் இருக்கும். ஆங்கிலச் சாய்வெழுத்து 'எஃப்' போன்ற சிலவற்றில் வளைவு அந்தக் கட்டைக்குள் அடங்காது, வெளியே நீண்டு அடுத்த கட்டையின் தோள்மேல் போய் உட்காரும். அப்படி வெளியே நீண்ட பகுதிக்குத்தான் கெர்ன் என்று பெயர். எளிதில் உடைந்துபோகும், அடுத்து ஆங்கில 'ஐ' வந்தால் அதன் புள்ளியோடு முட்டும், அதனாலேயே அந்த இரண்டையும் ஒரே கட்டையில் சேர்த்து வார்த்தார்கள். பிறகு ஈயம் போய்த் திரை வந்தது, துருத்தலின் பெயர் அந்தத் துருத்தல் செய்த வேலைக்குப் பெயராக மாறிவிட்டது.

பழைய பொருளில் ஒரு கெர்னைப் பார்க்க வேண்டுமா? பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் புள்ளியைப் பாருங்கள். அதில் 'க்' அடிக்க 'க'வுக்கு ஒரு விசை, புள்ளிக்கு ஒரு விசை. புள்ளி தன் இடத்துக்குள் இல்லாமல் இடப்பக்கமாக நீண்டு முந்தைய எழுத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும், ஈயக் காலத்துத் துருத்தல் அப்படியே. அதனால்தான் பேனர் போடும்போது டிராக்கிங்கைக் கூட்டினால் புள்ளிகள் எல்லாம் தத்தம் எழுத்தை விட்டு நழுவிப் போகும். இந்த நழுவலைப் பார்க்காத டிசைனர் கோவையிலிருந்து கரூர் வரை ஒருவரும் இருக்க மாட்டார்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கிலும் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி எழுத்தோடு ஒட்டியே இருந்தது. ணா, றா, னா மூன்றும் அப்படித்தான், ஒரே உரு. ஒரே உருவுக்குள் இடைவெளிப் பேச்சே கிடையாது. சீர்திருத்தத்துக்குப் பிறகு 'ன' தனி, துணைக்கால் தனி. கற்பதற்கும் தட்டச்சுக்கும் எளிதானது, அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டு உருக்களுக்கு நடுவில் எவ்வளவு இடம் என்ற கேள்வி அந்த ஏழு எழுத்துக்கும் வந்து சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எழுத்திடைவெளி' என்றால் அது டிராக்கிங்குக்குத்தான் பொருந்தும், அதை அங்கேயே விட்டுவிடலாம். 'எழுத்து நெருக்கம்' பாதி உண்மை, ஏனென்றால் கெர்னிங்கில் தளர்த்துவதும் உண்டு. 'இணையிடை' எனக்கு ரொம்ப நாள் பிடித்திருந்தது, எழுதிப் பார்த்தால் இணையதளச் சமாசாரம் மாதிரி படிக்கிறார்கள். நான் இப்போது எழுதுவது 'ஈரெழுத்திடை'. உயிரெழுத்து அடுத்து வரும்போது இரண்டு என்பது ஈர் ஆகும், ஈராண்டு, ஈருயிர் மாதிரி. ஈரெழுத்து, அதன் இடை. இரண்டு எழுத்து பற்றியது என்பதும் நடுவில் உள்ள இடம் பற்றியது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது, கூட்டுவதா குறைப்பதா என்று அது முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. இலக்கணப்படி தனிக்கொம்பு எழுத்து ஆகாதே என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயம்தான், ஆனால் 'ஈருருவிடை' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது. கடையில் பேச 'சோடி இடைவெளி' போதும்.

பெயர் சரியானால் எழுத்துரு செய்யும் மென்பொருளை எடைபோடுவதும் மாறும் என்பதற்காகத்தான் இவ்வளவும். ஃபான்ட்லேப் விண்டோசிலும் மேக்கிலும் ஓடும், கிளிஃப்ஸ் மேக்கில் மட்டும், ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், லினக்சிலும் ஓடும். மூன்றிலும் சோடிகளுக்கு எண் கொடுக்கலாம், எழுத்துகளைக் குழுவாகவும் சேர்க்கலாம். குழு இல்லாவிட்டால் தாங்காது: 200 உரு இருந்தால் 40,000 சோடி. குழு சேர்க்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனிக் கணக்கு. 'ப'வும் 'ட'வும் இடப்பக்கம் ஒரே குழு, வலப்பக்கம் வேறு வேறு. இதைப் புரியாமல் சேர்த்தால் முழு எழுத்துருவும் கெட்டுப்போகும்.

தானியங்கியாக ஈரெழுத்திடை போடும் கருவிகளில்தான் எனக்குக் கவலை. கிளிஃப்ஸுக்கான 'கெர்ன் ஆன்' என்ற கருவியில் சில சோடிகளை நாம் மாதிரியாகக் கொடுத்தால் மற்றதை அது கணக்குப் போட்டுக்கொள்ளும், அந்த வழி நல்ல வழி. ஆனால் உருவத்தை மட்டும் அளந்து எல்லா இடமும் கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்று போகிற எந்தக் கருவியும் தமிழில் தடுக்கி விழும். சமமாக இருந்தால்தான் இங்கே தப்பு. கொம்புக்கு முன்னால் இடம் கொஞ்சம் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் அது யாருடையது என்று தெரியும். 'ஈரோடு' என்ற ஒரு சொல்லே போதும், 'ர'வும் துணைக்காலும் கீழ்க்கோட்டைத் தவிர கிட்டத்தட்ட ஒரே உரு, மூன்று பக்கமும் சமமாக நிறுத்தினால் கண் தடுமாறும்.

அதனால் எந்த மென்பொருள் கைக்கு வந்தாலும் முதலில் நல்லெண்ணெய், ஈரோடு, பெருந்துறை, ஊட்டி என்று அடித்துப் பார்க்கிறேன். திருத்தும் சன்னலிலேயே கொம்பு 'ல'வுக்கு முன்னால் போய் நிற்கிறதா, 'ல்'லுக்கும் கொம்புக்கும் ஒரு எண், கொம்புக்கும் 'ல'வுக்கும் வேறு எண் என்று கொடுக்க விடுகிறதா? அப்புறம் ஓப்பன்டைப் வடிவில் எழுத்துருக் கோப்பை வெளியே எடுத்து, எண்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பேன். அந்தக் கோப்புக்குள் 'கெர்ன்' என்றே பெயருள்ள கூறை, இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பயனர் அணைத்துவிட முடியும். 'டிஸ்ட்' என்ற கூறு எப்போதும் இயங்க வேண்டியது, தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்காகவே இருப்பது. கொம்பின் இடம் அழகுக்காக அல்ல, படிப்பதற்காக, அதனால் அது டிஸ்டில்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. மென்பொருள் தானே அங்கே போட்டால் நல்லது, போடாவிட்டால் நிரல் வரியைக் கையால் எழுதிச் சேர்க்க இடம் தருகிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்கலாம்.

செக்குக்காரரின் லேபிளில், எழுத்தின் அளவை 1000 அலகாகப் பிரித்த கணக்கில் கொம்புக்கு முன்னால் 30 கூட்டி, பின்னால் 20 குறைத்தேன். 50 பாயின்ட் எழுத்தில் அது ஒன்றரை பாயின்ட், ஒரு பாயின்ட், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது தாளை வாங்கிப் பார்த்தவர், "இப்ப ஒட்டுக்கா நிக்குதுங்க" என்றார்.