அந்த மங்கலுக்கு ரோஸலினி பொறுப்பல்ல

திரையில் இத்தாலிய இயக்குநர் ரோஸலினியின் ‘ரோம் ஓப்பன் சிட்டி’ ஓடுகிறது. ஆட்கள் எல்லாரும் குட்டையும் பருமனுமாக நடமாடுகிறார்கள். இருட்டுக் காட்சியில் எது சுவர், எது மனிதர் என்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டைமேல் வெள்ளை சப்டைட்டில். படம் முடிந்ததும் மைக்கைப் பிடிப்பவர், “இந்தக் கரடுமுரடுதான் நியோரியலிசத்தின் உயிர்” என்கிறார். கூட்டமும் தலையாட்டுகிறது. (நியோரியலிசம்: போரை ஒட்டி, சாமானியரின் வாழ்க்கையைத் தெருவிலேயே போய் எடுத்த இத்தாலியப் படங்களின் போக்கு.) ஊர் ஊராக, திரைப்படச் சங்கம் சங்கமாக இதே வசனம். டிஸ்க் தரச் சோதனையில் இருக்கும் எங்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த முறை சொல்லிவிடுவோம்: நீங்கள் பார்த்த கரடுமுரடு ரோஸலினி எடுத்ததல்ல. யாரோ எங்கோ மட்டமாகப் பிரதியெடுத்தது.

இந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு கதை இருக்கிறது. போர்க்காலம், ஃபிலிம் பஞ்சம், தெருப் புகைப்படக்காரர்களிடம் துண்டு துண்டாக வாங்கி ஒட்டிப் படமெடுத்தார்கள், ஆகவே படம் அப்படித்தான் இருக்கும் என்பது. கஷ்டம் உண்மை. ரோம் விடுதலையானது 1944 ஜூன் 4. படப்பிடிப்பு தொடங்கியது 1945 ஜனவரி, அப்போது வட இத்தாலியில் சண்டை ஓயவில்லை. ரோமின் சினெசித்தா ஸ்டூடியோவில் அகதிகள் தங்கியிருந்தார்கள். மின்சாரமும் பணமும் நம்ப முடியாதவை. இதெல்லாம் சரி. ஆனால் ‘நூறு வகைத் துண்டு ஃபிலிம்’ என்பதை நெகட்டிவே பொய்யாக்கிவிட்டது.

1995-இல் இத்தாலியின் தேசியத் திரைப்படக் காப்பகமான சினெதெகா நாசியோனாலே இந்தப் படத்தைச் செப்பனிட்டபோது மூல நெகட்டிவில் இருந்தது மூன்றே வகை ஃபிலிம். வெளிப்புறக் காட்சிகளுக்கு ஃபெர்ரானியா சி6. உள்புறத்துக்கு, குறைந்த ஒளியிலும் பதிவாகும் அக்ஃபா சூப்பர் பான், அக்ஃபா அல்ட்ரா ராபிட். வெளியே ஒன்று, உள்ளே வேகம் கூடிய இரண்டு. இது கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டியவர் செய்கிற காரியமா? ஒளிப்பதிவாளர் உபால்தோ அராட்டா 1934-லேயே மாக்ஸ் ஓஃபுல்ஸின் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கை. ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் ஏறி இறங்குவதற்குக் காரணம் லேப். டெவலப்பர் தொட்டியில் ஃபிலிம் கிடந்த நேரம் ஒரே மாதிரி இல்லை, கரைசலைப் போதிய அளவு அசைக்கவில்லை, ஃபிக்சிங் (பிம்பத்தை நிலைப்படுத்தும் படி) அரைகுறை. அதாவது கேமராவுக்குள் பிம்பம் ஒழுங்காகத்தான் பதிவாகியிருக்கிறது. கழுவிய இடத்தில் வந்த ஏற்றத்தாழ்வை கிரேடிங்கில் (ஷாட்டுக்கு ஷாட் ஒளியைச் சரிசெய்வதில்) பெருமளவு சமன்செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள்.

அப்படியானால் மங்கல் எங்கிருந்து வந்தது? நெகட்டிவிலிருந்து ஒரு டூப் (நகல்) பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து வெளிநாட்டு பிரிண்ட், அதைச் சுருக்கி 16 மி.மீ., அதை டெலிசினியில் (ஃபிலிமை வீடியோவாக்கும் கருவி) போட்டு டேப், அந்த டேப்பிலிருந்து டிவிடி. ஒவ்வொரு படியிலும் நடுச்சாம்பல் கழன்றுகொண்டே போகும். கறுப்பு இறுகும், வெள்ளை வெடிக்கும், முந்தைய படியின் கிரெய்ன்மேல் (ஃபிலிமின் பொடிப்புள்ளிகள்மேல்) புதிய கிரெய்ன் ஏறும். இதில் ஆறாவது படியைப் பார்த்துவிட்டு ‘அழகியல்’ பேசுகிறோம். படத்தில், நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைமையகத்தில் விசாரணை அறை ஒரு பக்கம், கதவுக்கு மறுபக்கம் பியானோவும் மதுவுமாக அதிகாரிகளின் கூடம். அந்த இரண்டு அறைகளின் ஒளி வேறுபாட்டில்தான் காட்சியே நிற்கிறது. கறுப்பு இறுகிய பிரதியில் இரண்டும் ஒரே குகை.

நல்ல பிரதி கிடைக்காத காலம் ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. இப்போது அந்தச் சாக்கு செல்லாது. போலோன்யா சினெதெகா, ரோமிலுள்ள சினெதெகா நாசியோனாலே, இஸ்டிடூட்டோ லூசே சினெசித்தா, கோபுரடக்‌ஷன் ஆபீஸ் ஆகிய காப்பகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய ரோஸலினி திட்டத்தில், போலோன்யாவின் லிம்மாஜினே ரித்ரோவாத்தா லேபில் படங்கள் புதிதாக ஸ்கேன் ஆகிச் செப்பனிடப்பட்டன. ‘ரோம் ஓப்பன் சிட்டி’ (1945), ‘பைசான்’ (1946), ‘ஜெர்மனி இயர் ஸீரோ’ (1948) மூன்றையும் அமெரிக்க டிஸ்க் நிறுவனமான க்ரைட்டீரியன் 2010-இல் டிவிடி தொகுப்பாகவும் 2017-இல் ப்ளூரேயாகவும் வெளியிட்டது. பிரிட்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் (பி.எஃப்.ஐ.) 2015-இல் ப்ளூரே கொண்டுவந்தது. டிவிடியா ப்ளூரேயா என்றால் யோசிக்காமல் ப்ளூரே. டிவிடியின் 480 வரியில் கிரெய்ன் பிசுபிசுத்துப் போகும், ப்ளூரேயின் 1080-இல்தான் அது ஃபிலிம் மாதிரி நிற்கும்.

வாங்கும் முன் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள், ஐயா. முதலில் நிமிடக் கணக்கு. ‘ரோம்’ 103, ‘பைசான்’ 126, ‘ஜெர்மனி’ 73. ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். ‘ரோம்’ 99 என்றிருந்தால் வெட்டு என்று பதறாதீர்கள். ஐரோப்பிய பி.ஏ.எல். டிவிடியில் நொடிக்கு 24 ஃபிரேமை 25-ஆக ஓட்டுவார்கள், படம் 4 சதவீதம் சீக்கிரம் முடியும், குரலும் கொஞ்சம் சுருதி ஏறும். ‘பைசான்’ அந்த வேகத்தில் 121 ஆகும். அதற்கும் ஐந்தாறு நிமிடம் குறைந்தால்தான் கத்தரி விழுந்திருக்கிறது. சிசிலி, நேப்பிள்ஸ், ரோம், ஃப்ளாரன்ஸ், மடாலயம், போ நதிக் கழிமுகம் என்று ஆறு அத்தியாயமும் முழுதாக இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து மொழி. ‘இத்தாலிய இயக்குநர், ஆகவே இத்தாலிய ஒலித்தடம்தான் அசல்’ என்று ‘ஜெர்மனி இயர் ஸீரோ’வுக்கும் சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குண்டுவீச்சில் இடிந்த பெர்லினில் 1947-இல் ஜெர்மானியர்களை வைத்து எடுத்த படம் அது. அவர்கள் பேசுவது ஜெர்மன். இத்தாலிய ஒலி உள்ளூர் வெளியீட்டுக்காகச் செய்த டப்பிங். ‘பைசான்’ விஷயம் இன்னும் மோசம். சிசிலிப் பெண்ணும் அமெரிக்கச் சிப்பாயும் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமல் இருட்டில் உட்கார்ந்து பேசுவதுதான் முதல் அத்தியாயமே. எல்லாரையும் ஒரே மொழியில் பேசவைத்த டப்பிங் பிரதியை வாங்கினால் அங்கே படம் இல்லை, சத்தம்தான் இருக்கிறது. மறுபக்கம், பல ஆங்கில சப்டைட்டில்கள் ஆங்கில வசனத்தை விட்டுவிடும். 1946-இன் அமெரிக்கச் சிப்பாய் பேச்சு நம் காதுக்கு அவ்வளவு எளிதல்ல. திரையிடுகிறவர்கள் அந்த வரிகளையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

உதடும் குரலும் ஒட்டவில்லை என்ற புகாருக்கு ஒரே பதில்: ‘ரோம் ஓப்பன் சிட்டி’ ஒலியில்லாமல் படமாகி, பேச்சு பின்னால் ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டது. லேசான விலகல் படத்திலேயே உண்டு. அதைத் திருத்துகிறேன் என்று ஆடியோ டிலேயைத் திருகாதீர்கள். சந்தேகம் இருந்தால் உதட்டைப் பார்க்காதீர்கள், துப்பாக்கி வெடிப்பையும் கதவடைப்பையும் பாருங்கள். அவையும் விலகினால்தான் டிஸ்க்கிலோ உங்கள் ஆம்ப்ளிஃபயரிலோ கோளாறு. அட்டையில் 5.1 ஒலி என்று பெருமையாகப் போட்டிருந்தால் விலகி நில்லுங்கள். இவை மோனோ (ஒற்றைத் தட ஒலி) படங்கள். அதேபோல், சரசரப்பைத் துடைக்கிறேன் என்று பேச்சின் மேல்சுருதியையும் சேர்த்துத் துடைத்த தடங்களில் ‘ரோம்’ படத்தின் நாயகி அன்னா மன்யானியே தண்ணீருக்கடியில் கத்துகிற மாதிரி இருக்கும்.

கிரெய்ன் இல்லாத ‘பளிச்’ பிரதியும் ஏமாற்றுத்தான். கன்னத்தில் தோல் தெரியாமல் மெழுகு தெரிந்தால், தலை திரும்பும்போது பின்னால் ஒரு வால் இழுபட்டால், மென்பொருளில் கிரெய்னை வழித்திருக்கிறார்கள். கறுப்புக் கோட்டின் விளிம்பில் வெள்ளை ஒளிக்கோடு தெரிந்தால் செயற்கையாகக் கூர்மையேற்றியது. இன்னொரு சோதனை: வேகமாக ஆட்கள் ஓடும் இடத்தில் நிறுத்தி, கணினியின் வி.எல்.சி. பிளேயரில் ஈ (E) விசையை அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் போங்கள். ஒரே ஃபிரேமில் இரண்டு பிம்பம் பேய்போல் கலந்திருந்தால், ஐரோப்பிய டேப்பை அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.க்கு மாற்றிய சரக்கு. அதை எந்த பிளேயராலும் சரிசெய்ய முடியாது. டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் ஊதா படர்ந்த டிவிடி, யாரோ வீட்டில் எரித்தது. அதற்குக் கொடுக்கும் காசில் பாதிக்கு மேல் அட்டைக்குத்தான்.

ரீஜன் (டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு) விவகாரம் சுருக்கமாக. இந்தியாவும் இலங்கையும் டிவிடியில் 5, ப்ளூரேயில் சி. க்ரைட்டீரியன் ப்ளூரே ஏ, பி.எஃப்.ஐ. ப்ளூரே பி. இரண்டுமே நம் கடையில் வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. டொராண்டோ, சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஏ சிக்கலில்லை. லண்டன், பாரிஸ்காரர்களுக்கு பி. ரீஜன் பூட்டில்லாத பிளேயர் வாங்கும்போது டிவிடிக்கு மட்டுமா, ப்ளூரேக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள். ‘மல்ட்டி ரீஜன்’ என்று விற்பதில் பல டிவிடிக்கு மட்டும்தான்.

“பழைய படந்தானே, உரிமை தீர்ந்திருக்கும்” என்பவர்களுக்கு: இத்தாலியச் சட்டப்படி இயக்குநர், திரைக்கதை, வசனம், இசை ஆகியவற்றின் ஆசிரியர்களில் கடைசியாக இறந்தவருக்குப் பின் 70 ஆண்டு. ‘ரோம்’ திரைக்கதையில், பின்னாளில் பெரிய இயக்குநரான ஃபெலினியின் பங்கு உண்டு, அவர் இறந்தது 1993. அங்கே 2063 முடியும்வரை உரிமை உயிரோடுதான் இருக்கிறது. இந்தியாவில் திரைப்படத்துக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்பது வேறு கணக்கு. ஆனால் சப்டைட்டில் தனி எழுத்து, அதற்கு உரிமை தனி. பொதுத் திரையிடல் என்றால் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதக் கை வலிக்காது.

இனி திரையிடுகிறவர்களுக்கு. நல்ல டிஸ்க்கை வாங்கிக் கெடுக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்தப் படங்களின் சட்டகம் 1.37 (உயரத்தைப்போல் அகலம் அத்தனை மடங்கு). உங்கள் ப்ரொஜெக்டர் 1.78. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தே தீரும். 1920-க்கு 1080 சட்டத்தில் படம் நடுவில் சுமார் 1480 பிக்சல் அகலம்தான் நிற்கும். ‘திரை வீணாகிறதே’ என்று இழுத்தால் ஆள் 30 சதவீதம் அகலமாவார். ஜூம் செய்தால் மேலும் கீழுமாக 23 சதவீதம் படம் வெளியே போகும், கூடவே சப்டைட்டிலும். பிளேயரில் 16:9, ப்ரொஜெக்டரில் நார்மல் அல்லது ஆட்டோ, ஓவர்ஸ்கேன் (ஓரத்தை வெட்டிக் காட்டுவது) அணைப்பு, ஷார்ப்னஸ் கடைசிக் கீழ்ப்படி, மோஷன் ஸ்மூத்திங் (இடையில் செயற்கை ஃபிரேம் சேர்ப்பது) கட்டாயம் அணைப்பு. சரியா என்று பார்க்க, வட்டமான பொருள் ஒன்று வரும் ஃபிரேமில் நிறுத்தி, திரைமேல் அளவுநாடா வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்துவிடுங்கள்.

தமிழ் சப்டைட்டில் சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.ஏ.எல். டிவிடியை வைத்து நேரம் குறித்த கோப்பை ப்ளூரேயில் போட்டால், தொடக்கத்தில் ஒட்டும், போகப் போக வரிகள் முந்திக்கொண்டு ஓடும், கடைசியில் நான்கு நிமிட வித்தியாசம் வரும். வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகளைத் தட்டித் தட்டி நகர்த்துவது வீண் வேலை. விலகல் நிலையானதல்ல, வளர்வது. சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை பி.ஏ.எல்.லின் 25-லிருந்து ப்ளூரேயின் 23.976-க்கு மாற்றுங்கள், ஒரே சொடுக்கில் முடிந்துவிடும். பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் ஒத்துப்பார்த்தால் போதும். எழுத்துக்கு மெல்லிய கறுப்பு விளிம்பு வையுங்கள், வெள்ளை கொஞ்சம் சாம்பலாக இருக்கட்டும், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கோப்பை யூடிஎஃப்-8-இல் சேமிக்க மறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசைகட்டும். அதை அரங்கு நிறைந்த பிறகு கண்டுபிடிக்காமல், முந்தின நாளே அதே மடிக்கணினி, அதே ப்ரொஜெக்டரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.