இன்டென்ட் – உள்தள்ளல்

அரசு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் ‘இன்டென்ட் போட்டாச்சா?’ என்று கேட்டால், வேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்றா என்று பொருள். நாலு தெரு தள்ளி ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ‘இன்டென்ட் சரியில்லை’ என்றால், நிரலின் (புரோகிராமின்) வரிகள் இடப்பக்க ஓரத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டிய அளவில் நிற்கவில்லை என்று பொருள். இரண்டும் ஒரே சொல்தான். 19ஆம் நூற்றாண்டில் நம்மவர்களைக் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பிய ‘இன்டென்ச்சர்’ ஒப்பந்தமும் இதே வேரில் முளைத்ததே.

வேர், பல். லத்தீனில் பல்லுக்கு ‘டென்ஸ்’. பல் மருத்துவரை டென்டிஸ்ட் என்பதும் அதனால்தான். இடைக்கால லத்தீனில் ‘இன்டென்டாரே’ என்றால் பல் பல்லாக வெட்டுவது. எதை வெட்டினார்கள்? ஒப்பந்தப் பத்திரத்தை. ஒரே தோல் தாளில் ஒப்பந்த வாசகத்தை இருமுறை எழுதி, நடுவே ரம்பப் பல்போல வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொள்வார்கள். பின்னாளில் வழக்கு வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் உண்மை. பொருந்தாவிட்டால் யாரோ ஒருவர் கையில் இருப்பது போலி. அப்படி வெட்டிய பத்திரமே ‘இன்டென்ச்சர்’. தமிழிலும் ‘முறி’ என்றால் ஒடிந்த துண்டு என்றும் பத்திரம் என்றும் இரு பொருள் உண்டு. இலங்கையில் இன்றும் கடன் பத்திரத்தைப் பிணைமுறி என்றே எழுதுகிறார்கள்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட தொழிலாளர்களை இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அவர்களிடம் இருந்ததும் இன்டென்ச்சர்தான். அதற்குள் பல்வெட்டு வழக்கொழிந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றது. ‘ஒப்பந்தக் கூலி’ என்ற நம் மொழிபெயர்ப்பில் பொருள் வந்துவிட்டது, பல் வரவில்லை. கிடங்கு இன்டென்ட் இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை. ஆங்கிலேயர் ஆட்சியில் சரக்கு கேட்டு எழுதும் அலுவல் தாளுக்கு அந்தப் பெயர் வந்து, இந்திய அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. அதற்குத் ‘தேவைப்பட்டியல்’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இன்னொரு ‘இன்டென்ட்’டும் உண்டு. தகரத்தில் அடிபட்டு விழும் குழிவைக் குறிப்பது அது. பல்லுக்கும் அதற்கும் பிறப்பில் உறவில்லை. ஒலி ஒன்றாக இருந்ததால் இரண்டும் கலந்துவிட்டன. ‘உட்குழிவு’ என்று சில அகராதிகள் பொருள் தருவது அந்தக் குழிவுக்கு உரியது. நிரலுக்கு அது பொருந்தாது.

நமக்கு வேண்டியது அச்சகத்தின் வழியாக வந்த பொருள். பத்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கினால், பக்கத்தின் இடப்பக்க விளிம்பு பல் விழுந்ததுபோல் ஆகும். அதனால் அச்சுக்கோப்பவர்கள் அதை இன்டென்ட் என்றார்கள். ஓலைச்சுவடியில் இந்தச் சிக்கலே இல்லை. பாட்டானாலும் உரையானாலும் ஒரே ஓட்டமாக, ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழுதினார்கள். அடி எங்கே முடிகிறது, சீர் எங்கே பிரிகிறது என்பதைப் படிப்பவரின் யாப்பறிவுதான் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் சுவடியை அச்சுக்குக் கொண்டுவந்தபோது செய்த பெரும் வேலைகளில் ஒன்று, அந்த ஓட்டத்தை அடிகளாக மடித்துக் காட்டியது. தளை தட்டினால் பிரித்த இடம் தவறு என்று தெரிந்துவிடும். ஆகவே மடிப்பதற்குப் பாட்டின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். நிரலுக்கும் இது அப்படியே பொருந்தும்.

நிரலில் உள்தள்ளல் என்பது எது எதற்குள் அடங்கியது என்று கண்ணுக்குக் காட்டும் வெற்றிடம். ஒரு நிபந்தனைக்குக் கீழ் ஓடவேண்டிய வரிகளை அதைவிட ஒரு படி உள்ளே எழுதுவோம். அதற்குள் இன்னொரு நிபந்தனை வந்தால் இன்னொரு படி. அந்த வெற்றிடத்துக்கே இலக்கண மதிப்புக் கொடுக்கும் மொழிகள் இருக்கின்றன. கணினி அறிஞர் பீட்டர் லாண்டின் 1966இலேயே ‘ஆஃப்-சைடு விதி’ என்று இதை வகுத்தார், பைத்தான் அந்த வழியில் வந்தது. சி மொழியும் அதன் குடும்பமும் வேறு. சி பிளஸ் பிளஸ், ஜாவா போன்றவற்றில் நெளிவு அடைப்புகளும் அரைப்புள்ளியும்தான் கணக்கு. எவ்வளவு உள்ளே தள்ளினாலும், தள்ளாமலே விட்டாலும், நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆகவே சி நிரல் ஒவ்வொன்றும் இரு பாதிகள் கொண்ட பத்திரம். ஒரு பாதியை எந்திரம் அடைப்புக்குறிகளால் படிக்கிறது, மறுபாதியை மனிதர் உள்தள்ளலால் படிக்கிறார். இரண்டும் பொருந்த வேண்டும்.

பொருந்தாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் திருத்திய பிழையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இணையத் தளம் ஒன்று தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறதோ அது உண்மையா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் சி நிரல் அது. வரிசையாகப் பல நிபந்தனைகள். ஒவ்வொன்றின் கீழும், அடைப்புக்குறி இல்லாமல், ஒரு படி உள்ளே ‘கோட்டூ ஃபெயில்’ என்ற வரி. சோதனை தோற்றால் கடைசிக்குத் தாவு என்பது அதன் பொருள். ஓரிடத்தில் அந்த வரி இரண்டு தடவை விழுந்துவிட்டது, இரண்டும் ஒரே உள்தள்ளலில். படிக்கும் கண்ணுக்கு இரண்டுமே நிபந்தனைக்குள் இருப்பதாகத் தோன்றும். இலக்கணப்படி முதல் வரி மட்டும்தான் நிபந்தனைக்கு உரியது. இரண்டாவது எப்போதும் ஓடும். அதற்குக் கீழே இருந்த உண்மையான கையொப்பச் சோதனை ஒருபோதும் நடக்கவில்லை, முடிவோ ‘பிழை இல்லை’ என்று வந்தது.

அந்தக் கோப்பை, உள்தள்ளலைத் தானே ஒழுங்குபடுத்தும் தானியங்கிச் சீராக்கி ஒன்றில் ஒருமுறை ஓட்டியிருந்தால், இரண்டாவது வரி நிபந்தனைக்கு நேராக இடப்பக்கம் நகர்ந்து தனியே நின்றிருக்கும். சீராக்கி பிழையைத் திருத்தியிருக்காது. எந்திரம் படிப்பதை மனிதர் கண்முன் வைத்திருக்கும். ஜிசிசி என்ற கம்பைலரின் 2016இல் வந்த 6ஆம் பதிப்பு இப்படிக் கண்ணை ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கத் தொடங்கியது.

இந்தக் கருவிகளுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர்கள் பல. பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில் ‘சிபி’ என்று ஒன்று இருந்தது, சி பியூட்டிஃபையர் என்பதன் சுருக்கம். லிஸ்ப் என்ற நிரல்மொழியின் உலகில் ‘பிரெட்டி பிரின்டர்’ என்றார்கள். 1976இன் இல்லினாய் பல்கலைக்கழகக் காப்புரிமைக் குறிப்போடு வந்து, 4.2பிஎஸ்டி யூனிக்ஸில் இடம்பெற்ற கருவியின் பெயரே ‘இன்டென்ட்’. இன்று ‘ஃபார்மேட்டர்’ என்பதே பொதுப்பெயர். இவற்றைப் பார்த்து ‘அழகாக்கி’, ‘அழகூட்டி’ என்று தமிழில் பெயர்த்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அழகு என்றால் அவரவர் விருப்பம் என்றாகிவிடும், வேண்டாம் என்பவர் விட்டுவிடலாம் என்றும் ஆகும். கையொப்பச் சோதனையில் தவறியது அழகு அல்ல. ‘வடிவூட்டி’ பரவாயில்லை, ஆனால் வட்டை ஃபார்மேட் செய்வதற்கும் அதையே சொல்கிறோம். அங்கே அழிப்பது, இங்கே ஓர் எழுத்தைக்கூட அழிக்கக் கூடாது. நான் ‘நிரல் சீராக்கி’ என்றே எழுதுகிறேன். சீர் என்ற சொல்லில் ஒழுங்கும் இருக்கிறது, அளவும் இருக்கிறது, பாட்டின் சீரும் இருக்கிறது.

சீராக்கியை மேம்படுத்துவது என்றால் அதற்கு இலக்கணம் கற்றுக்கொடுப்பது. 2013 வாக்கில் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்திலிருந்து வந்து பரவிய ‘கிளாங்-ஃபார்மேட்’ வேலைசெய்யும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். நீண்ட வரியை எங்கே ஒடிப்பது என்று அது விதிவைத்து முடிவுசெய்வதில்லை, தண்டம் போட்டுப் பார்க்கிறது. எல்எல்விஎம் பாணியின் இயல்பமைப்பில் மனிதருக்காக எழுதிய குறிப்புரையை ஒடித்தால் 300, மேற்கோளுக்குள் வரும் உரைச்சரத்தை ஒடித்தால் 1000, வரியின் 80ஆம் இடத்தைத் தாண்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் 10,00,000. ஒடிக்கக்கூடிய எல்லா வழிகளையும் ஒரு சாலை வரைபடம்போல் பாவித்து, தண்டம் மிகக் குறைந்த வழியை டைக்ஸ்ட்ராவின் குறும்பாதை முறையில் தேடுகிறது. இந்த எண்களில் ஒன்றை மாற்றினால் நிரல் முழுதும் முகம் மாறும்.

கடினமான இடம் வேறொன்று. ‘அ * ஆ;’ என்ற வரியைப் பாருங்கள். அ ஒரு மாறி என்றால் இது பெருக்கல். அ ஒரு தரவுவகையின் பெயர் என்றால், ஆ என்ற சுட்டியை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) அறிவிக்கும் வரி. கம்பைலருக்கு, பெயர்களை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகளைப் படித்திருப்பதால் விடை தெரியும். சீராக்கி அவற்றைப் படிப்பதில்லை; பாதி எழுதிய நிரலிலும் அது வேலைசெய்ய வேண்டும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே சூழலைப் பார்த்து ஊகிக்கிறது. பெருக்கிய விடையை யாரும் எடுத்துக்கொள்ளாத வரி பெருக்கலாக இருக்காது என்பது போன்ற ஊகங்கள். வேறொரு நிரல் துண்டுக்குப் பதிலாக நிற்கும் பெயர்களான மேக்ரோக்கள் வந்தால் ஊகமும் தடுமாறும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கிளாங்-ஃபார்மேட் அமைப்புக் கோப்பைத் திறந்தால், பெரும்பகுதி ஒரே ஒரு நீண்ட பட்டியல்: இந்த இந்த மேக்ரோக்களைச் சுழற்சியாகக் கருது என்று பெயர் பெயராகச் சொல்லியிருக்கிறார்கள். சுவடியில் சீர் பிரித்தவர் அருஞ்சொல் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது போன்றது இது.

சீராக்கிய கோப்பை மறுபடி சீராக்கினால் ஒன்றும் மாறக் கூடாது; மாறினால் முதல் சீராக்கமே முடியவில்லை. பழைய திட்டம் ஒன்றை முழுதாகச் சீராக்கினால் ஒவ்வொரு வரியையும் சீராக்கியவரே எழுதியதாக மாற்ற வரலாற்றில் பதியும் தொல்லையும் இருந்தது. அந்த வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் 2019இல் வந்த 2.23ஆம் பதிப்பு, அத்தகைய பதிவுகளைத் தவிர்த்துப் பார்க்க வழி தந்தது.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘உள்தள்ளல்’, ‘உட்தள்ளல்’ இரண்டையும் காண்கிறோம். இரண்டாவது பிழை. பழைய புணர்ச்சிப்படி ளகரத்தின் முன் தகரம் வந்தால் இரண்டுமே டகரமாகும். வாள் + தடங்கண் ‘வாட்டடங்கண்’ ஆவதுபோல் உள் + தள்ளல் ‘உட்டள்ளல்’ ஆக வேண்டும். ளகரத்தை மட்டும் மாற்றித் தகரத்தை அப்படியே விடுவது பாதிப் புணர்ச்சி. ‘உட்பொருள்’, ‘உட்கொள்’ ஆகியவற்றைப் பார்த்த பழக்கத்தில் வந்திருக்கும். அங்கே பகரமும் ககரமும் மாறாதவை. ‘உட்டள்ளல்’ இலக்கணத்துக்குச் சரி, ஆனால் மென்பொருளின் மெனுப் பட்டியில் படிக்கும்போது யாருக்கும் விளங்காது. புணர்த்தாமல் ‘உள்தள்ளல்’ என்று எழுதுவதே நல்லது. வினையாக ‘உள்தள்ளு’, அளவுக்கு ‘உள்தள்ளல் படி’, ஒடித்த வரியின் மீதிக்குத் ‘தொடர்வரி உள்தள்ளல்’. 80 என்ற எல்லையை மட்டும் ‘80 நிரல்’ என்று எழுதிவிடாதீர்கள். கணக்குப் பாடத்தில் நிரல் என்பது மேலிருந்து கீழாக வரும் வரிசைதான், ஆனால் புரோகிராமுக்கும் நிரல் என்றே சொல்லிவிட்டோம். ‘80 இடம்’ போதும்.

அந்த 80 இடத்தில் தமிழ் படும் பாடு தனி. ‘வணக்கம்’ என்ற உரைச்சரத்தில் எழுத்து 5, யூனிகோடு குறியீடு 7, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட் 21. பைட்டை எண்ணும் பழைய வகைக் கருவி அதற்கு 21 இடம் ஒதுக்கும். யூனிகோடு வகைப்பாட்டைப் பின்பற்றும் கருவியும் முழுதாகத் தப்பவில்லை. அந்த வகைப்பாட்டில் இகரக் குறி இடம்பிடிக்கும் குறி, ஈகாரக் குறியும் புள்ளியும் இடம்பிடிக்காதவை. ஆகவே கிளிக்கு 4 இடம், கீரிக்கு 3, மீனுக்கு 2. மூன்றும் ஈரெழுத்துச் சொற்கள். திரையிலோ மூன்றின் அகலமும் இந்த எண்களோடு ஒத்துப்போகாது. ஞகரமும் ரகரமும் ஒரே அகலக் கட்டத்தில் அடங்கும் எழுத்துகள் அல்ல. இந்தச் சொற்களை வரிக்கு ஒன்றாக எழுதி, வலப்பக்கத்தில் குறிப்புரைகளைச் சீராக்கி நேர்நிறுத்தினால், அவை படிக்கட்டுபோல் ஏறி இறங்கி நிற்கும்.

இதைத் தண்டக் கணக்கால் தீர்க்க முடியாது. அதனால் தமிழ்ச் சரங்கள் உள்ள கோப்புகளில் வரியிறுதிக் குறிப்புரைகளை நேர்நிறுத்தும் அமைப்பை அணைத்துவிடுகிறேன். குறிப்பை மேல்வரியில், அதே உள்தள்ளலில் எழுதுகிறேன். அங்கே இடப்பக்கம் இருப்பது வெற்றிடம் மட்டும். எல்லாக் கருவிகளும் அதை ஒன்றுபோலவே எண்ணுகின்றன.